புளிப்பு ஒழிந்த நாடு

செண்பகக்கோட்டை ராஜா உத்தமசேனருக்கு ஒரு நாள் மத்தியானம் புளித்த ஏப்பம் வந்தது. நாட்டைப் பிடித்த சனி அன்றைக்குத்தான் உள்ளே நுழைந்தது.

பதினெட்டு ஆமவடையைத் தின்றுவிட்டு அப்படியே மல்லாந்து படுத்தால் யாருக்குத்தான் ஏப்பம் வராது? ஆனால் ராஜாவிடம் அதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து பஸ்மநாதர் என்று ஒரு வைத்தியர் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார்.

"மகாராஜா, உங்கள் ரத்தம் புளித்துப் போச்சு!" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "புளி, எலுமிச்சை, மாங்காய், மோர், எல்லாம் விஷம். சாம்பல் சத்து உள்ள ஆகாரம்தான் அமிர்தம். சாம்பல் பூசணி, வாழைத்தண்டு, சாம்பல் கரைத்துத் தெளிய வைத்த தண்ணி. நான் பன்னிரண்டு வருஷமாகப் புளிப்பை நாக்கில் வைத்ததில்லை. என் உடம்பைச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு சொட்டுப் புளிப்பு கிடைக்காது!"

அத்தாட்சியும் காட்டினார். மஞ்சள் தோய்த்த துணியைச் சாம்பல் தண்ணியில் முக்கினார். சிவந்தது. "ஆரோக்கிய ரத்தம்!" என்றார். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டார். துணி மறுபடி மஞ்சளானது. "காமாலை!" என்றார். சபை வாயைப் பிளந்தது. மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைக்கிறோமே, அதே சங்கதிதான். ராஜாவுக்கு ஆரத்திக்கு முன்னால் நின்றுதான் பழக்கம், கரைத்துப் பழக்கமில்லையே!

அன்றைக்கே தண்டோரா போட்டாகிவிட்டது. எவரிடம் புளிப்பு இருந்தாலும் ஐம்பது கசையடி, அப்புறம் நாடுகடத்தல். ஜனங்கள் ரசமும் இல்லாமல் மோரும் இல்லாமல் வெறும் சோற்றை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பாவம், ராணி செங்கமலத்துக்கு அப்போது மசக்கை. "ஒரே ஒரு கீற்று மாங்காய் கொடுங்களேன்" என்று அழுதாள். வைத்தியர் பூசணிக் கூட்டு அனுப்பினார். ராணி வாந்தி எடுத்தாள். சமையல்காரி வடிவாயிக்கு மனசு கேட்கவில்லை. உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி நாலு கீற்று மாங்காயை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வைத்தியர் மோப்பம் பிடித்துவிட்டார். மறுநாள் உச்சிவேளையில் கசையடி என்று தீர்ப்பானது.

ராஜாவுக்கு யோசனை சொல்ல ஆவுடையப்பன் என்று ஒருவர் சபையில் இருந்தார். ராஜா அதைக் கேட்பதில்லை, அது வேறு விஷயம். அவர் எழுந்தார்.

"மகாராஜா, ஐம்பது அடி தாங்குகிற உடம்பா அது? செத்துப்போவாள்."

"சட்டம் சட்டம்தான் ஆவுடையப்பரே. புளிப்பு வைத்திருந்தால் தண்டனை உண்டு."

"யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்!"

ஆவுடையப்பன் வாதாடவில்லை. நேரே வைத்தியரிடம் போனார். "சுவாமி, அக்கரைத் தோட்டத்தில் சாம்பல் பூசணி ஒவ்வொன்றும் குட்டி யானை கணக்காகக் காய்த்திருக்கிறதாம். காலையில் போய்ப் பார்ப்போமா?" என்றார். வைத்தியருக்கு வாயெல்லாம் பல்.

விடிந்ததும் இரண்டு பேரும் பரிசலில் ஏறினார்கள். தெம்பாகப் போன வைத்தியர், திரும்பும்போது வெளுத்துப்போன முகத்தோடு வந்தார்.

உச்சிவேளை. வடிவாயியைத் தூணில் கட்டியிருந்தார்கள். அவள் சத்தம் இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அப்போது ஆவுடையப்பன் மூடி போட்ட சட்டியோடு உள்ளே வந்தார்.

"மகாராஜா, இன்னொரு திருட்டுப் புளிப்பைப் பிடித்திருக்கிறேன். வைத்தியரே சோதித்துச் சொல்லட்டும்."

வைத்தியர் உற்சாகமாகச் சிவப்புத் துணியை எடுத்தார். மூடியை லேசாக விலக்கி ஒரு நுனியை முக்கினார். பளிச்சென்று மஞ்சளானது.

"அடப்பாவி! புளியங்காயைத் தோற்கடிக்கும் போலிருக்கே! மகா பாதகன்! இதை வைத்திருந்தவனுக்கு ஐம்பது போதாது, நூறு கொடுங்கள்!"

"நூறு!" என்றார் ராஜா. "யார் அவன்?"

"வைத்தியர்தான், மகாராஜா."

"என்னது!"

"காலையில் பரிசல்காரன் நடு ஆற்றில் பரிசலை நாலு சுற்று சுற்றிவிட்டான். வைத்தியருக்குக் குடலைப் புரட்டிவிட்டது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தபோது, அவர் வயிறு கொடுத்ததைத்தான் பரிசல்காரனின் சட்டியில் பிடித்து வந்தேன். பன்னிரண்டு வருஷமாகப் புளிப்பே படாத வயிறு!"

வைத்தியர் துணியைக் கீழே போட்டார். "ஐயோ மகாராஜா, எல்லார் வயிற்றிலும் புளிப்பு இருக்கத்தான் செய்யும்! அதில்லாமல் சோறு செரிக்குமா?"

"கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார் ஆவுடையப்பன். "எல்லார் வயிற்றிலுமாம். வைத்தியருக்கு நூறு அடித்த கையோடு, அடுத்து யாருக்கு என்று மகாராஜாவே உத்தரவு போடவேண்டும்."

ராஜா மெல்லத் தன் தொப்பையைத் தடவிப் பார்த்தார். கசையைப் பார்த்தார்.

"வடிவாயியை அவிழ்த்துவிடுங்கள்! சட்டம் ரத்து!" என்று அவசரமாகச் சொன்னார். அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. "ஆமாம், தலை சுற்றினபோது இவர் தனக்கு என்ன மருந்து கேட்டார்?"

"எலுமிச்சம்பழம் கேட்டார், மகாராஜா. முகர்ந்து பார்க்க ஒன்று, பிழிந்து குடிக்க ஒன்று. நான் எங்கே போவேன்? அதைத்தான் நாட்டிலேயே இல்லாமல் பண்ணிவிட்டாரே!"

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் புளித்த ஏப்பம் ஒன்றும் வந்தது. யாரும் பதறவில்லை.

ராணிக்கு ஒரு கூடை மாங்காய் போனது. ஆவுடையப்பன் வெகுமதியாகக் கேட்டது வடிவாயி கையால் வைத்த ஒரு குண்டான் மிளகு ரசம்.

"வைத்தியரை என்ன செய்வது?" என்று காவலன் கேட்டான்.

"வயசானவர், அடிக்க வேண்டாம்" என்றார் ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எல்லைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். பரிசலில்."