கலெக்டர் பங்களா ரேடியோ

கோயமுத்தூர் பழம்பொருள் கண்காட்சியில் வியாபாரி ரத்தினசபாபதியின் கடையில்தான் கூட்டம். "வெள்ளைக்காரக் கலெக்டர் பங்களாவில் பாடின ரேடியோ! எண்பது வருஷமாச்சு, ஒரு திருகாணிகூட மாத்தலை!" என்று அவர் முழங்க, தேக்குப்பெட்டிக்குள்ளிருந்து பழைய பாட்டொன்று கணீரென்று வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொக்கிப்போய் செக் புத்தகத்தையே எடுத்துவிட்டார்.

டீ விற்கும் தெய்வானைக்குப் பொறுக்கவில்லை. ரத்தினசபாபதி செல்போனைத் தடவும்போதெல்லாம் ரேடியோவில் பாட்டு மாறுவதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்!

"அவசரப்படாதீங்க வாத்தியாரய்யா. இது புதுப்பெட்டிங்க."

கூட்டம் திகைத்தது. ரத்தினசபாபதியின் மீசை துடித்தது.

"டீக்காரி நீ என்னத்தைக் கண்டே? கையை வெச்சு என் சாமானை அழுக்காக்காதே. தொடாமலே நிரூபி பார்க்கலாம்! நிரூபிச்சா ரேடியோ உனக்கு. இல்லேன்னா நாளைக்கு இந்த வாசலை நீ மிதிக்கக் கூடாது."

தொடாமல் எப்படி? எல்லாரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். அவளோ டீ கேனைக் கீழே வைத்துவிட்டு, கடைப் பலகையில் கொட்டை எழுத்தில் இருந்த நம்பரைத் தன் செல்போனில் அழுத்தினாள்.

பாட்டு சட்டென்று நின்றது. எண்பது வருஷத்து ரேடியோ 'ட்ரிங் ட்ரிங்' என்று மணியடித்தது! வாத்தியார் செக் புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டார். பதறிப்போன ரத்தினசபாபதி, சத்தத்தை நிறுத்தச் சட்டைப்பையிலிருந்த செல்போனை உருவிக் கண்ட இடத்தில் அழுத்தினார்.

தேக்குப்பெட்டிக்குள்ளிருந்து தெய்வானையின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஐயா, நான் தொடவே இல்லீங்க. இப்பத் தூக்கிக்கட்டுங்களா?"