பதினாறு அடி சுதந்திரம்

திருச்சியில் அமிர்தவல்லி என்றொருத்தி பட்டாணி என்ற நாயை வளர்த்துவந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில், அதைத் தெருவில் கூட்டிப்போகும் பழைய தோல்வார் தொங்கியது. ஒருநாள் அதே ஆணியில் புதிதாக ஒரு சுருள்வாரும் வந்து சேர்ந்தது.

புதியது பார்க்க எடுப்பாக இருந்தது. பெரிய பிளாஸ்டிக் பிடி, அதற்குள் சுருண்டு கிடக்கும் மெல்லிய கயிறு. நாய் ஓட ஓடக் கயிறு நீளும். திரும்பி வந்தால் தானே உள்ளே போய்விடும். நிறுத்த ஒரு பட்டன்.

"நீங்க எத்தனை அடி நீளங்க?" என்று அது தோல்வாரைக் கேட்டது.

"நாலு."

"அடப் பாவமே! நான் பதினாறு. சுதந்திரம்னா என்னன்னு நாளைக்குப் பட்டாணிக்குக் காட்டறேன் பாருங்க."

"பதினாறு அடி தள்ளி வண்டி ஏதாவது வந்தா?"

"அதுக்குத்தானே பட்டன்!"

"அதை அமுக்கறது நீயா, அந்தம்மாவா?"

"அந்தம்மாதான்."

"அப்பச் சரி," என்றது தோல்வார். அந்தச் 'சரி' சுருள்வாருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை தெரு முழுக்க ஒரே கொண்டாட்டம். பட்டாணி இந்த ஓரத்துக் கம்பத்தை முகர்ந்தது, அந்த ஓரத்து வேலியை நனைத்தது. சுருள்வார் பெருமை தாங்காமல் கிர்ரென்று நீண்டது.

தெருமுனையில் கீழ்வீட்டுச் சௌந்தரபாண்டியன் அரைக்கால் சட்டையோடு பால் வாங்கிக்கொண்டு வந்தார். மோட்டார் ரிப்பேரைப் பற்றி அமிர்தவல்லி அவரிடம் பேச நின்றாள். அந்த நேரம் பார்த்து ஓர் அணில் ஓடியது. பட்டாணி பாய்ந்தது.

"ஐயோ, காலு! என் காலு!" என்று குதித்தார் அவர். கயிறு அவர் கெண்டைக்காலில் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தது. அமிர்தவல்லியின் கட்டைவிரல் பட்டனைத் தேடியது, கிடைக்கவில்லை. பதறிப்போய் இன்னொரு கையால் கயிற்றையே பிடித்தாள். கயிறு உருவிக்கொண்டு போனதில் உள்ளங்கை தீய்ந்துபோனது. வலியில் பிடியை விட்டுவிட்டாள்.

பிடி தரையில் விழுந்து தடதடவென்று நாயின் பின்னால் ஓடியது. உள்ளே கயிறு சுருளச் சுருள, அது பட்டாணியை நெருங்கியது.

"பட்டாணி, நில்லு! நான்தான்!" என்று கத்தியது சுருள்வார்.

திரும்பிப் பார்த்த பட்டாணி வாலை ஒடுக்கிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடியது. பெரிய ரோடு வந்துவிட்டது. பேருந்து ஒன்று கிறீச்சிட்டு நின்றது. யாராவது தன் பட்டனை அமுக்கமாட்டார்களா என்று சுருள்வார் முதல்முறையாக ஏங்கியது. அமுக்க அங்கே யாருமில்லை.

எதிர்ப்புறம் நின்ற வேனுக்கு அடியில் பட்டாணி நுழைந்தது. பிடி சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

"எதுக்கு இப்படி ஓடினே?" என்று மூச்சிரைக்கக் கேட்டது சுருள்வார்.

"நீ துரத்தினியே!" என்றது பட்டாணி.

"நானா? நீதானே என்னை இழுத்துட்டு ஓடினே!"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இரண்டும் சொன்னது பொய்யில்லை.

அமிர்தவல்லி செருப்பை எங்கோ விட்டுவிட்டு ஓடிவந்தாள். ரோட்டிலேயே படுத்து, வேனுக்கு அடியில் கையை நீட்டினாள். "வாடா தங்கம். ஒண்ணுமில்லடா. அம்மா வந்துட்டேன்." பட்டாணி மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தது. அதன் கழுத்திலிருந்து வாரின் கொக்கியைக் கழற்றினாள். பன்னிரண்டு கிலோ நாயை மார்போடு சேர்த்து அணைத்துத் தூக்கிக்கொண்டு, சிவந்த கையோடு வீட்டுக்கு நடந்தாள். சுருள்வார் அவள் விரலில் தொங்கியபடி வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அதற்குப் பொறுக்கவில்லை.

"பட்டாணி," என்று மெதுவாகக் கூப்பிட்டது. "இப்ப உனக்கு ஓடறதுக்கு ஒரு அடிகூட இல்லையே. கஷ்டமா இல்லையா?"

அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பட்டாணி தூங்கிவிட்டிருந்தது.