தம்பியின் வலை

"என் தம்பி ஏன் திரும்பி வரல?" என்று கேட்டார் பெர்க்மான்ஸ்.

லெயோன் எஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

கேட்டவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கேட்கப்பட்டவனுக்கு முப்பதுதான். சிப்பித்துறைக் கடற்கரையில் இப்படித் தலைகீழாக ஒரு குருவும் சீடனும் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை.

பெர்க்மான்ஸ் கடல்காரர் வீட்டில் பிறந்தும் கடல் ஏறாதவர். மதுரையில் தையல் கடை வைத்திருந்தார். கடலுக்குப் போனவன் தம்பி சேசடிமை. நீச்சலில் அவனுக்கு இணை கிடையாது. அவன் நீந்துவதைப் பார்க்கச் சுறாக்கள் குடும்பத்தோடு வந்து நிற்கும் என்று ஊர் சொல்லும். ஊர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.

போன கச்சானில், மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றில், அவன் வள்ளம் கரை ஒதுங்கியது. வலை, வள்ளத்தின் மூக்கில் கட்டியது கட்டியபடியே, பின்னால் வந்தது. கடைசியாக அவனும் வந்தான், உயிர் இல்லாமல்.

லெயோனைப் பற்றியும் ஊரில் கதைகள் உண்டு. காற்றைக் கைக்குள் பிடித்து முகர்ந்து பார்ப்பானாம். பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிடுவானாம். உண்மை இவ்வளவுதான்: அவன் வள்ளத்தில் போன எல்லோரும் திரும்பி வந்து வீட்டுச் சோறு தின்றிருக்கிறார்கள்.

"எனக்குக் கடல் கத்துக்குடுங்க, தண்டல்" என்றார் பெர்க்மான்ஸ். வள்ளத்தை நடத்துகிறவனை அந்தக் கரையில் தண்டல் என்பார்கள்.

"இந்த வயசுலயா, அண்ணாச்சி?"

"தம்பிக்குத் தெரியாமப் போனது என்னன்னு எனக்குத் தெரியணும். அது தெரியாமத் தூக்கம் வர மாட்டேங்கு."

லெயோன் துணியைக் கீழே வைத்தான்.

"அவன் இடுப்புக் கத்தி இருக்கா?"

கத்தி தம்பியின் மனைவி பிலோமியிடம் இருந்தது. உறையோடு கொண்டுவந்து கொடுத்தாள். வலையையும் காட்டினாள்.

"அவிய விட்டுட்டுப் போனது இது ரெண்டும்தான், அத்தான். கத்தி, அவியள எடுக்கையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. உறைப் பொத்தானைக்கூட நான் கழத்தல." பிறகு சொன்னாள்: "வலை பத்திரம்."

பொத்தானைக் கழற்றியும் கத்தி வெளியே வரவில்லை. துரு அதை உறையோடு ஒட்டவைத்திருந்தது. பெர்க்மான்ஸ் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றி ஊறவைத்துத்தான் உருவினார்.

லெயோன் வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"தீட்டுங்க."

முதல் பாடம் அதுதான். அடுத்த நாளும் அதுதான். அடுத்த மாதமும் அதுதான்.

காலையில் கத்தி தீட்டுவார். மாலையில் வலையைச் செப்பனிடுவார். சட்டை தைத்த கைக்கு வலைக் கண் பின்னச் சீக்கிரம் வந்துவிட்டது. வலையின் பாதிக்கு மேல் தம்பியின் முடிச்சுகள், மீதி அண்ணனுடையது. கண்ணை மூடித் தடவினாலும் எது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

கத்தியில் ஏறிய கூர்மைக்கு, அதை வெயிலில் நீட்டினால் வெயில் இரண்டாகப் பிளந்து விழுந்ததாம். ஆனால் அதனால் எதையும் வெட்ட லெயோன் விடவில்லை.

"ஒரு எலுமிச்சம்பழம் நறுக்கக்கூட விட மாட்டேங்கிறீங்களே."

"ஊறுகாய் போடவா வந்தீங்க, அண்ணாச்சி?"

பிறகு ஒருநாள் தம்பியின் வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குக் கூட்டிப்போனான். இரண்டு பேர் மட்டும். வலையைப் போட்டுக் கயிற்றை மூக்கில் கட்டிவிட்டு, பெர்க்மான்ஸ் மிதவைச் சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்தார். லெயோன் அதை உருவி எடுத்தான். தலை பலகையில் இடித்தது.

"முழுகுறப்ப தலை மட்டுமா முழுகும்?"

அவர் போட்டுக்கொண்டார். கடல் குளம்போல் கிடந்தது.

"அறுங்க" என்றான் லெயோன் திடீரென்று.

"எதை?"

"கயித்தை."

"ஏன்? நல்லாத்தான இருக்கு?"

லெயோன் வலையை இழுத்து வாங்கச் சொன்னான். எஞ்சினைக் கிளப்பினான். கரை தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"காத்து அடிக்கிற நாளா இருந்தா, நீங்க 'எதை'ன்னு கேக்கையில ஒரு அலை உள்ள ஏறியிருக்கும். 'ஏன்'னு கேக்கையில இன்னொண்ணு."

அதன் பிறகும் பலமுறை கடலுக்குப் போனார்கள். பலமுறை "அறுங்க" என்றான். ஒருமுறைகூட அவர் கை கத்திக்குப் போகவில்லை. கரையில் வலை உலர்த்துகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"டெய்லர் அண்ணாச்சி, கடலுக்கு அளவு எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. இடுப்புதான் கொஞ்சம் பெருசு" என்பார்.

சிரித்துவிட்டுப் போய், மறுபடியும் கத்தி தீட்டுவார்.

அந்த நாளும் வந்தது. காலையில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. வானிலைச் செய்தியில் எச்சரிக்கை எதுவும் இல்லை. லெயோன் எப்போதும்போல இரண்டுமுறை கேட்டுவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளினான்.

வலை போட்டுக் கொஞ்ச நேரத்தில் காற்று முகம் மாறியது. மேற்கே கடல் கறுத்தது.

"எடுங்க. போயிருவோம்."

பெர்க்மான்ஸ் கயிற்றை வாங்கினார். ஒரு முழம்கூட வரவில்லை. அடியில் பாறை வலையைப் பிடித்துக்கொண்டது.

முதல் பெரிய அலை வந்தது. அலை தூக்கினால் வள்ளம் எழ வேண்டும். எழவில்லை. கயிறு மூக்கைக் கீழே பிடித்திருந்தது. தலை குனிந்து நின்ற வள்ளத்தின் மேலேறி அலை உள்ளே இறங்கியது.

லெயோனின் இரண்டு கையும் எஞ்சின் பிடியில் இருந்தன. விட்டால் வள்ளம் அலைக்கு விலாவைக் காட்டிவிடும்.

"கொஞ்சம் இழுத்தா வந்துரும்" என்றார் பெர்க்மான்ஸ்.

இன்னொரு அலை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

கயிறு கம்பியாக விறைத்து நின்றது. முடிச்சு நனைந்து கல்லாகியிருந்தது. இனி எந்த விரலாலும் அதை அவிழ்க்க முடியாது. அவர் கத்தியை உருவினார். கயிற்றின்மேல் வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"தண்டல், சொல்லுங்க."

லெயோன் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அறுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எத்தனை தடவை சொன்னீங்க. இப்பச் சொல்லுங்க."

"வலை யாருது?"

"தம்பியோடது."

"அவன்கிட்ட கேளுங்க."

பெர்க்மான்ஸ் கயிற்றைப் பார்த்தார். கையில் இருந்த கத்தியைப் பார்த்தார். எண்ணெய் விட்டு உருவிய கத்தி. தம்பி கடைசிவரை பொத்தான் கழற்றாத உறை.

அடுத்த அலை எழுந்து நின்றது.

ஒரே இழுப்பு. கயிறு பட்டென்று போனது. வள்ளம் மூக்கைத் தூக்கி, அலையின் முதுகில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

பின்னால் மிதவைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்.

கரையில் பிலோமி நின்றிருந்தாள். காற்று மாறியதுமே வந்தவளின் சேலை முழுக்க நனைந்திருந்தது. அத்தானைப் பார்த்தாள். லெயோனைப் பார்த்தாள். பிறகு வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வலை எங்க, அத்தான்?"

"தம்பி அறுக்கச் சொன்னான்."

அவர் இடுப்பில் உறை திறந்து கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈர மணலில் அப்படியே உட்கார்ந்தாள்.

"இப்பவா சொன்னாவ?"