கல் அசையாத தொட்டி

தூத்துக்குடியில் சலேத் என்றொருத்தி இருந்தாள். அவள் கணவன் கிளமென்ட்டுக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கல்யாணமாகி நாலு வருடத்தில் சேர்ந்திருந்த நாளைக் கூட்டினால் ஒரு வருடம்தான் தேறும்.

போன தடவை அவன் வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். டீ போட அடுக்களைக்குள் போனவன் சர்க்கரை டப்பாவைத் தேடினான். அது இருந்த இடத்தில் உப்பு இருந்தது. கட்டில் திசை மாறியிருந்தது. அவன் சட்டை மாட்டும் ஆணியில் காலண்டர் தொங்கியது. "என் வீட்டுலயே விருந்தாளி மாதிரி இருக்கு சலேத்து" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அந்த விடுமுறையில் அவன் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தான். தன் கையாலேயே கற்களை அடுக்கி, நடுவில் ஒரு பொந்து விட்டு, ஜோடியாக இரண்டு கோமாளி மீன்களை விட்டான். கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "வீட்டுல எதை வேணும்னாலும் மாத்து. இந்தக் கல்லை மட்டும் அசைக்காத. நான் வரும்போது வச்ச இடத்துல வச்சது ஒண்ணாவது இருக்கட்டும்." அவள் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்து கொடுத்தாள்.

அவன் கப்பலேறிய ஏழாம் மாதம் இரண்டில் பெரிய மீன் செத்துப்போயிற்று. மிஞ்சியது பொந்து வாசலிலேயே கிடந்தது. போட்ட தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒற்றையாய்க் கிடப்பது எப்படியிருக்கும் என்று சலேத்துக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? போன் எப்போது அடிக்கும் என்று அவளும் அப்படித்தான் ஏங்கிக் கிடந்தாள்.

மீன் கடை பர்னபாஸ் அண்ணாச்சியிடம் போய், இருப்பதைவிடச் சின்னதாய் ஒரு கோமாளி மீனை வாங்கி வந்து தொட்டியில் விட்டாள். அவ்வளவுதான். சோர்ந்து கிடந்த பழையதுக்கு எங்கிருந்துதான் வீரம் வந்ததோ, புதியதைத் துரத்தித் துரத்தி வாலைக் கடித்துக் குதறியது. அவள் பதறிப்போய்ப் புதியதை அள்ளி, தொட்டித் தண்ணீரையே வாளியில் ஊற்றி, காற்றுக் குழாய் போட்டு அதில் வைத்தாள்.

அண்ணாச்சி வந்து பார்த்தார். "பிடிக்காமக் கடிக்கலம்மா. முன்னால வந்தவன் வீட்டுக்காரன், பின்னால வந்தவன் அந்நியன். மீனுக்கு அவ்வளவுதான் தெரியும். கல்லைக் கலைச்சு வேற மாதிரி அடுக்குங்க. பழசுக்கும் அது புது வீடாயிரும், ரெண்டும் ஒத்துப்போயிரும். நாங்க அப்படித்தான் செய்வோம்."

"சத்தியம் பண்ணியிருக்கேனே அண்ணாச்சி."

"அப்போ புதுசைத் திருப்பிக் குடுத்துருங்க."

நாத்தனார் வினோலியாவுக்கு யோசனை சொல்லக் காசா பணமா? "மைனி, கல்லை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டுக் கலைங்க. அண்ணன் வாரதுக்கு முன்னால பழையபடி அடுக்கிருவோம். அண்ணனுக்கு எங்க தெரியப் போகுது?"

சலேத் வாளியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். திருப்பிக் கொடுத்தால் பழையது ஏங்கியே செத்துவிடும். கலைத்து அடுக்கினால் அவனுக்குத் தெரியாமல் போகலாம். அது அவன் வைத்த கல் இல்லை என்று இவளுக்குத் தெரியுமே.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சத்தியமும் தவறக்கூடாது, ஒரு மீனும் சாகக்கூடாது. சலேத் என்ன செய்தாள்?

தெரியவில்லையா? அவள் பழையதைப் பிடித்து வாளியில் போட்டாள், புதியதைத் தொட்டியில் விட்டாள். வாளித் தண்ணீரைத் தினமும் மாற்றினாள். எட்டு நாளில் புதியதன் வாலும் ஆறியது, பொந்தும் அதன் வீடாயிற்று. ஒன்பதாம் நாள் பழையதை விட்டபோது வாசலில் தயங்கி நின்றது அதுதான். இரண்டு நாளில் இரண்டும் ஒரே பொந்தில் படுத்தன. ஒரு கல்லும் அசையவில்லை.

கிளமென்ட் வந்து இறங்கிய அன்று, ஸ்டேஷனில் அவன் முகத்தைக் கண் நிறையப் பார்த்துவிட்டு வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தாள். "நீங்க முன்னால போய் இருங்க. நான் சாயங்காலம் வாரேன்" என்று அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினாள். மீன் கணக்குப்படி எட்டு நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அவளால் ஒரு பகல்தான் முடிந்தது. பொழுது சாய வந்து, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, அடுக்களையில் நின்று கேட்டாள்: "சர்க்கரை டப்பா எங்க இருக்கு?"

"மேல் தட்டுல வச்சிருக்கேன்" என்றான் கிளமென்ட்.