பத்துக்குப் பத்து

டாக்டர் பைலை மூடச் சொன்னாருதான், நான் மூடல. இந்தக் குடும்ப ஆலோசனை மையத்துல நான் அட்டெண்டர். மூடிட்டா, புருஷனோட ஆலோசனைக்கு வந்த வேம்பரசி மறுபடி இங்க வர முடியாது. "வீட்டுல நிம்மதியா?"ங்கிற படிவத்துல அந்தப் பொண்ணு பத்துக்குப் பத்து போட்டிருந்துச்சு. போடும்போது புருஷன் எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தான்.

"சார், அந்தப் பொண்ணு வெளிய அழுவுது."

"அழுகையெல்லாம் ஆராய்ச்சி ஆகாதுய்யா, நம்பர்ல நிரூபி"ன்னாரு டாக்டர் பரசுராமன்.

ஒரு தாள்ல "டாக்டர் எப்படி?"னு எழுதி, அவரு கண்ணு முன்னாலயே பத்து போட்டேன். பூரிச்சுப் போனாரு.

"இப்பக் கொஞ்சம் வெளிய நில்லுங்க சார், மறுபடி மார்க்கு போடறேன்."

சிரிப்பு நின்னுச்சு. வேம்பரசியைத் தனியா உக்கார வச்சுக் கேட்டாரு. இப்ப அது போட்ட மார்க்கு ரெண்டு, பேச்சு ஒன்றரை மணி நேரம். மார்க்கையும் பேச்சையும் சேத்தே எழுதிக்கிட்டாரு.

"அண்ணே, டாக்டர் கூப்புடுறாரு!"ன்னு வெளிய வந்த வேம்பரசி சொல்லுச்சு.

போயிட்டு வரேன். அவருக்கு நான் போடற நெஜ மார்க்கு தெரிஞ்சாகணுமாம்.