வேங்கைச் சில்லும் இரண்டு துறைமுகங்களும்

“அம்மா, நாங்க எத்தனை கப்பல் அனுப்பினாலும் பக்கத்து நாட்டு நெடுந்துறைக்காரன் எங்களை முந்திடுறானே! அப்படி என்ன பாவம் செஞ்சோம்?”

வந்ததும் வராததுமாக இப்படிக் கேட்டவர் மருதவாணர். குறும்பொழில் நாட்டின் வனத்துறை அமைச்சர், தலை முழுக்க நரை. குன்றின்மேல் குடியிருக்கும் ஞானி நாச்சாயி அம்மைக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் மனசு கலங்கினால் அவர் ஏறி வருவது அம்மையின் குடிலுக்குத்தான்.

“எதுல முந்துறான்?”

“மரச்சில்லு ஏற்றுமதியில. மரத்தை இயந்திரத்துல கொடுத்துச் சின்னச் சின்னதா நறுக்கி அனுப்புறோம். காகிதம் செய்யறதுக்கு.”

அம்மைக்கு இது தெரியாதா என்ன? விளக்கம் சொல்வதில் அமைச்சருக்கு ஒரு சுகம்.

“முதல்ல நாங்க அஞ்சு கப்பல், அவன் ஆறு. சில வருஷத்துல பத்தாக்கினோம், அவன் பதினொண்ணு. போன வருஷம் உயிரைக் கொடுத்து இருபது அனுப்பினோம். அவன்...”

“இருபத்தொண்ணு,” என்றார் அம்மை.

அமைச்சர் திடுக்கிட்டார். “உங்களுக்கு யார் சொன்னது?”

அம்மை எழுந்தார். மாடத்திலிருந்து ஒரு மரச்சில்லை எடுத்தார். அமைச்சருக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் செம்புக்குள் அதைப் போட்டார்.

“தூர தேசத்து வியாபாரி ஒருத்தர் கொண்டு வந்தார். நெடுந்துறைக் கப்பல்ல அவர் ஊருக்கு வந்து இறங்கின சரக்காம்.”

எதிரியின் சரக்கு! அமைச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இந்த வருஷம் விடறதா இல்லை. கீழைச் சரிவுல ஆளுங்களை நிறுத்திட்டு வந்திருக்கேன். உச்சிப் பொழுது ஆனதும் வெட்டு ஆரம்பம்.”

“கீழைச் சரிவா? உங்க ஊர் ஆறு அங்கேதானே பிறக்குது?”

“என்ன பண்றது? மிச்சம் இருக்கிற காடு அது ஒண்ணுதான்.”

அவருடைய பேரப்பிள்ளைகள் குதித்து விளையாடும் ஆறு அது. ஆனால் அதை இழப்பதைவிட, தோற்றுப்போன அமைச்சர் என்ற பெயர்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

“தண்ணி குடிங்க.”

செம்பைத் தூக்கியவர் அப்படியே நின்றார். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது.

“ஐயோ, தண்ணியை இப்படிச் சிவக்க வைக்கிறது வேங்கை மரமாச்சே! எங்க மலையை விட்டா வேற எங்கேயும் கிடையாதே! நெடுந்துறையில இருக்கிறது வெறும் சவுக்கு. பாவி, எங்க காட்டுக்குள்ள வந்து திருடுறானா?”

“உங்க சில்லை யார் வாங்குறாங்க?”

“அவன்தான். இருபது கப்பலும் அங்கேதான் போகுது. நாங்க சொன்ன விலையைக் கொடுத்துடுவான்.”

“வாங்கி என்ன செய்யுறான்?”

“அதை நான் எதுக்குக் கேட்கணும்? வித்தாச்சு, அதோட...”

அவர் பார்வை செம்புக்குள் கிடந்த சில்லில் விழுந்தது.

“அவனோட சவுக்கு எத்தனை கப்பல் தேறும்?”

அமைச்சர் ஒரு விரலை மடக்கினார். “ஒண்ணு. ஒரே ஒரு கப்பல். எங்க இருபதோட அது சேர்ந்தா...”

செம்பு கைநழுவி விழுந்தது. அவர் மொட்டையாக்கிய மலைகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன. தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்!”

அம்மை வாசலை எட்டிப் பார்த்தார். வெயில் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

“அப்புறம் அழுதுக்கலாம். இப்போ ஓடுங்க.”