தெய்வானைக்கு என்ன வேலை?

திருச்செங்கோட்டுக்குப் போகும் வழியில் சிறிய மடம் ஒன்று இருந்தது. அங்கிருந்த சுவாமிக்கு வயது நாற்பத்திரண்டு. அவருடைய சீடர் செங்கோடனுக்கு ஐம்பத்தேழு.

செங்கோடன் எட்டுப் பேரை வைத்து அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்தி வந்தார். ஞாயிறு தவறாமல் மடத்துக்கு வருவார். அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிறு கத்தியை எடுக்காமல் நேராக சுவாமியின் முன் வந்து உட்கார்ந்தார்.

“சாமி, ஒருத்தருக்கு நல்லது செஞ்சாலும் அது ஏன் அவங்களுக்கு நல்லதாப் படறதில்ல?”

“யாருக்கு என்ன செஞ்சீங்க?”

செங்கோடன் சொன்னார். அவர் பட்டறையில் தெய்வானை என்றொரு பெண். பதினோரு வருடமாக, அட்டையை வெட்டி மடிப்புக் கோடு போடும் பஞ்சிங் மிஷினில் நின்றவள். நான்கு மாதத்துக்கு முன் அந்த மிஷின் அவள் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. செங்கோடன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். இப்போது புண் ஆறிவிட்டது. சம்பளம் வீடு தேடிப் போகிறது.

“வேலைக்கு வர வேண்டாம், நல்லா ஓய்வெடுன்னு சொல்லிட்டேன். ஆனா மூணு தரம் வந்து பட்டறை வாசல்ல நின்னு வேலை கேட்டுட்டா. மூணாந்தரம் அழுதுட்டே போனா. ஒரு குறையும் வெக்கலீங்களே சாமி, எதுக்கு அழுவோணும்?”

சுவாமி அவருடைய காலைப் பார்த்தார்.

“காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தீங்களே, என்ன?”

“முட்டி வீக்கமுங்க. ரெண்டு நாளா.”

“அப்ப இன்னைக்கு நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம். அந்தத் தூண் பக்கம் உக்காருங்க.”

செங்கோடன் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் காய் நறுக்கினார்கள். ஒருவர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எதிரே ஒருவர் சேனைக்கிழங்கை வெட்டத் தெரியாமல் வெட்டிக்கொண்டிருந்தார். செங்கோடன் கையை நீட்டினார்.

“சாமி உங்களுக்கு வேலை குடுக்க வேண்டாம்னு சொல்லிட்டாருங்க” என்று அவர் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

பந்தியில் முதல் இலை செங்கோடனுக்குத்தான் போட்டார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு சுவாமியிடம் வந்தார்.

“சாமி, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனுங்களா?”

“இல்லையே. முட்டி வலிக்குதுன்னு உக்காரச் சொன்னேன்.”

“வலி முட்டியிலதானுங்க. கை நல்லாத்தானே இருக்குது? காய் நறுக்கறதுக்கு முட்டி எதுக்குங்க?”

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றார். பிறகு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே தெய்வானைக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்தாள். பட்டறை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிழலான இடமாகப் பார்த்து நாற்காலி போட்டுக் கொடுத்தார். உள்ளே வரும் வண்டிகளின் நம்பரை எழுதி வைப்பது வேலை. நாளுக்கு இரண்டு வண்டி வரும். சில நாள் அதுவும் வராது.

ஒன்பதாம் நாள் தெய்வானை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

ஞாயிறன்று செங்கோடன் மடத்துக்கு வந்தபோது முகத்தில் கோபம் இருந்தது.

“நீங்க காட்டினபடி வேலை குடுத்தேனுங்க. அதுக்கும் வர மாட்டேங்கறா.”

“உங்க மேசையிலிருந்து பார்த்தா அந்த நாற்காலி தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“தெரியக் கூடாதுன்னு போட்டீங்களா?”

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த மிஷினுக்கு முன்னாடி கம்பித் தடுப்பு ஒண்ணு இருந்துச்சுங்க, கை உள்ள போயிராம இருக்க. அது இருந்தா வேலை மெதுவாகுதுன்னு கழட்டி வெச்சது நான்தானுங்க சாமி. அந்தக் கையப் பார்த்தா எனக்கு நெஞ்சை அடைக்குது.”

“இதை அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?”

“இல்லீங்க.”

“என்ன வேலை செய்ய முடியும்னு கேட்டீங்களா?”

“டாக்டரே எழுதிக் குடுத்திருக்காருங்க. கனம் தூக்கக் கூடாது, வலது கையால அழுத்திப் பிடிக்கக் கூடாது, ரொம்ப நேரம் கையத் தொங்கப் போட்டு நிக்கக் கூடாது…”

“அது முடியாதது. நான் முடிஞ்சதைக் கேட்டேன்.”

“அது எனக்கெப்படிங்க சாமி தெரியும்?”

“எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தம்மாவுக்குத் தெரியும். போய்க் கேளுங்க” என்றார் சுவாமி.

நான்கு மாதத்தில் முதல் தடவையாக அன்று சாயங்காலம் செங்கோடன் தெய்வானை வீட்டுக்குப் போனார். அவள் இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எழுந்து பாயை விரித்தாள். அவர் உட்காரவில்லை.

“தடுப்பைக் கழட்டுனது நான்தான் தெய்வானை.”

“தெரியுமுங்கண்ணா. பட்டறையில எல்லாருக்கும் தெரியும். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

அவர் கையைக் கூப்பினார். அவள் அதைப் பார்க்காததுபோல் அரிசியைப் பார்த்தாள்.

“திரும்ப மாட்டிட்டீங்களா?”

“மிஷினையே நிறுத்திட்டேன். தார்ப்பாய் போட்டு மூடியிருக்குது.”

“முதல்ல தடுப்பை மாட்டுங்க. நாளைக்கு அங்க இன்னொருத்தி நிக்கோணுமில்ல.”

“மாட்டறேன்.” அவர் பாயில் உட்கார்ந்தார். “உன்னால என்ன வேலை முடியும்னு நீயே சொல்லு.”

தெய்வானை அரிசிப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். பிறகு மடமடவென்று சொன்னாள்.

“அட்டையத் தள்ள முடியாதுங்கண்ணா. ஆனா மிஷின்ல மாட்டற அச்சு கோணலா உக்கார்ந்தா எனக்குச் சத்தத்துலயே தெரிஞ்சுரும். மடிப்பு சரியா விழுந்திருக்குதான்னு இடது கையால தடவிப் பார்த்தே சொல்லிருவேன். புதுசா நிக்கறவளுக்குச் சொல்லிக் குடுப்பேன். மொதல்ல மூணு மணி நேரம் வர்றேன். கை வீங்கினாச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்துருவேன். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டிக்கலாம். கேட்டுக்கிட்ட மட்டும் உக்கார வெக்காதீங்க. போறவங்க வர்றவங்க எல்லாரும் என்னையக் கோயில் நோம்பிக்கு வெச்ச பொம்மையாட்டம் பார்த்துட்டுப் போறாங்க.”

செங்கோடன் தலையாட்டினார்.

புதன்கிழமை தடுப்பு மாட்டியாயிற்று. தார்ப்பாயை எடுத்தார்கள். புதிய பெண் ஒருத்தி மிஷின் முன் நின்றாள். பக்கத்தில் தெய்வானை.

சுவிட்சைப் போட்டதும் மிஷின் அதிர்ந்தது. தெய்வானை விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள். தண்ணீர்த் தொட்டி ஓரம் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். யாரும் போய்க் கூப்பிடவில்லை. செங்கோடன் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

அவளே திரும்பி வந்தாள். “போடுங்க” என்றாள்.

முதல் அட்டை வெளியே வந்தது. இடது கட்டைவிரலால் மடிப்பை நீளத் தடவினாள்.

“மடிப்பு அரை நூல் அளவு தள்ளி விழுது. அச்சை இறக்கி மாட்டுங்க.”

இறக்கி மாட்டினார்கள்.

மூன்று மணி நேரம் ஐந்தானது. இரண்டு நாள் கை வீங்கியது; சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். மீண்டும் வந்தாள். மூன்றாம் மாதம் முழு நாளும் வேலை பார்த்தாள்.

செங்கோடன் எல்லாவற்றையும் சுவாமியிடம் வந்து சொன்னார்.

“எல்லாம் சரியாயிருச்சுங்க சாமி. எனக்குத்தான் ஒண்ணு சரியாகல.”

“என்ன?”

“இன்னும் அந்தக் கையப் பார்க்க முடியலீங்க. அட்டைய நீட்டிப் பேசறா, நான் வேற எங்கியோ பார்த்துப் பதில் சொல்றேன். இது எப்பப் போகும்? போனதுக்கப்புறம்தான் அவளை நேராப் பார்த்துப் பேச முடியும்போல இருக்குது.”

சுவாமி கேட்டார். “மிஷினைப் போடறப்ப அந்தம்மா இப்பவும் வெளிய போயிடறாங்களா?”

“இல்லீங்க. பக்கத்துலயே நிக்கறா.”

“பயம் போயிருச்சா?”

“நேத்துக்கூடக் கேட்டேனுங்க. போகலைன்னு சொன்னா.”

“அப்புறம் எப்படி நிக்கறாங்க?”

“பயத்தோடவேதானுங்க” என்ற செங்கோடன், மறுநாள் அவள் அட்டையை நீட்டியபோது அந்தக் கையைப் பார்த்தே பதில் சொன்னார்.